கியர் விழவில்லையா? கியர் பாக்ஸில் கை வைக்கும் முன்

காரில் கியர் விழவில்லை என்று வாட்சப் குழுவில் ஒருவர் எழுதினால் போதும். பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "கியர் பாக்ஸ் போச்சு." அதற்குப் பிறகு பேச்சு வேறு திசையில் ஓடும். பழைய கார்களைப் பிரித்து விற்கும் எந்தப் பொத்தோங் கடையில் கியர் பாக்ஸ் கிடைக்கும், எந்தப் போர்மன் சீக்கிரம் மாட்டித் தருவார், எவ்வளவு ஆகும் என்று ஆளுக்கொரு கணக்கு. மேனுவலா ஆட்டோவா, எஞ்சின் ஓடும்போது விழவில்லையா, நிறுத்தினாலும் விழவில்லையா என்று கேட்பவர் அரிது.

உண்மையில் நான்கு வேறு கோளாறுகளை நாம் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறோம். லீவர் இடத்தை விட்டு அசையவே மறுக்கலாம். அசைந்தாலும் கரகரவென்று அரைத்துக் கையை வெளியே தள்ளலாம். எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடலாம். அல்லது ஒழுங்காக விழுந்துவிட்டு, கார் மட்டும் நகராமல் நிற்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, செலவும் வேறு. சில பத்து ரிங்கிட்டில் முடியும், கேபிள் முனையில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் புஷ்ஷும் பல ஆயிரம் விழுங்கும் கியர் பாக்ஸும் இதே புகாருக்குள்தான் இருக்கின்றன. உங்கள் கைக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கிளட்ச், கேபிள், சுவிட்ச், எண்ணெய் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சங்கிலியைத்தான்.

ஓடும் மினி பஸ்ஸில் ஏறுவது எப்படி?

கோலாலம்பூரில் 1998 வரை ஓடிய இளஞ்சிவப்பு மினி பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் முழுசாக நிற்காது. ஏற வேண்டியவர் கூடவே நாலு எட்டு ஓடி, பஸ்ஸின் வேகமும் தன் வேகமும் ஒன்றான பிறகு படியில் கால் வைப்பார். ஓட்டுநரும் எண்ணெய் மிதியைத் தளர்த்தினால்தான் இது நடக்கும். அவர் அழுத்திக்கொண்டே போனால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கால் படியில் பதியாது, சறுக்கும்.

மேனுவல் கியர் பாக்ஸில் நடப்பதும் இதுதான். கியர் மாற்றும்போது பல் சக்கரங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். முன்னோக்கிய கியர்களில் அப்படி நடப்பதில்லை. அந்தச் சக்கரங்கள் எப்போதுமே ஜோடி ஜோடியாகக் கோத்தபடிதான் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் தன் தண்டின் மேல் பூட்டப்படாமல் சும்மா சுற்றும். நீங்கள் லீவரைத் தள்ளும்போது ஓர் உலோக வளையம் நகர்ந்து போய் அந்தச் சும்மா சுற்றும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. அந்த வளையத்தின் பெயர் ஸ்லீவ். கியர் விழுவது என்றால் இந்தப் பூட்டு விழுவது.

பூட்டு விழ இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்காக ஸ்லீவுக்கு முன்னால் ஒரு பித்தளை வளையம் போய்ச் சக்கரத்தின் கூம்பில் உரசி வேகத்தைச் சமமாக்கும். இதுதான் சிங்க்ரோ. பஸ்ஸோடு ஓடும் நாலு எட்டு இதன் வேலை. ஓட்டுநர் எண்ணெய் மிதியைத் தளர்த்துவது கிளட்சின் வேலை: மிதியை அழுத்தியதும் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் அது பிரித்துவிட வேண்டும். பிரியாவிட்டால் அந்தச் சிறிய பித்தளை வளையம் எஞ்சின் முழுவதையும் எதிர்த்து உரசிப் பார்க்கும், தோற்கும். அப்போது கேட்பதுதான் அந்தக் கரகர.

ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு. பல கார்களில் அதற்குச் சிங்க்ரோவே இல்லை. கிளட்சை அழுத்திய கையோடு ரிவர்ஸ் போட்டால் அரைப்பது அதனால்தான். மூன்று நான்கு நொடி பொறுங்கள், அல்லது ஒரு முறை இரண்டாம் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்குப் போங்கள். இரண்டாம் கியரின் சிங்க்ரோ உள்ளே சுற்றும் தண்டை நிறுத்திக் கொடுத்துவிடும்.

இதுவரை பார்த்தது: பல் சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும், ஸ்லீவ் பூட்டும், சிங்க்ரோ வேகத்தைச் சமமாக்கும், கிளட்ச் எஞ்சினைப் பிரிக்கும். இந்த நான்கில் எது தவறினாலும் ஓட்டுபவருக்குக் கியர் விழவில்லை என்றுதான் தெரியும்.

மேனுவல் கார்: முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

காசில்லாத சோதனை, ஒரு நிமிட வேலை. சமதரையில் காரை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணையுங்கள். கிளட்சை அடிவரை அழுத்தி ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள்.

எல்லாக் கியரும் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கியர் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

நிறுத்திய பிறகும் எதுவுமே விழவில்லை என்றால் லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் இணைப்பையும், அதற்கு அடுத்து கியர் பாக்ஸின் உள்ளையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் அடம்பிடித்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். நின்ற காரில் பல்லும் பல்லும் முனையோடு முனை இடித்து நிற்பது உண்டு. கிளட்சை ஒரு முறை விட்டு அழுத்துங்கள், அல்லது காரைக் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் கியர் பாக்ஸைக் கழற்றச் சொல்லும் பட்டறையில் சாவியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கிளட்ச் பிரிக்காதபோது

எஞ்சினின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் கிளட்ச் தட்டு ஒட்டி உட்காரும். இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது கிளட்ச் கவர், அதாவது வலுவான ஸ்பிரிங் உள்ள மூடி. மிதியை அழுத்தினால் ரிலீஸ் பேரிங் என்ற வட்டமான பாகம் போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கும், பிடி தளரும், தட்டு விடுபடும். தட்டு விடுபட கவர் ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே போதும். வழியில் எங்காவது அந்த மில்லிமீட்டர் தொலைந்துபோனால் தட்டு விடுபடாது.

அது தொலையும் முதல் இடம் உங்கள் காலடியில் இருக்கிறது. தடித்த ரப்பர் பாயோ, மேலே போட்ட இரண்டாவது கார்ப்பெட்டோ, உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலோ மிதியை அடிவரை போகவிடாது. குனிந்து பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து மிதியை நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு, அழுத்தியபடியே கியர் போடுங்கள். இப்போது விழுகிறதா? அப்படியானால் கிளட்சின் ஹைட்ராலிக் வழியில் காற்றோ கசிவோ இருக்கிறது. மிதிக்குப் பின்னால் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் அருகே ஸ்லேவ் சிலிண்டர், நடுவே குழாய். மாஸ்டர் தள்ளும் திரவம் ஸ்லேவைத் தள்ள, அது ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். வழியில் காற்றுக் குமிழி இருந்தால் நீங்கள் மிதிப்பது குமிழியை அமுக்குவதிலேயே முடிந்துவிடும். மிதி பஞ்சு போல இறங்கும், சில நேரம் தரையிலேயே தங்கிவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க மூன்று இடம். பானட்டைத் திறந்து திரவத் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். கிளட்ச் மிதிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரம் என்றால் ஸ்லேவ் போய்விட்டது. இரண்டிலும் ஈரமில்லாமல் மிதி மட்டும் மெல்ல மெல்லத் தானாக இறங்கினால், மாஸ்டரின் உள் ரப்பர் தேய்ந்து திரவம் பின்னோக்கி நழுவுகிறது என்று பொருள். ஜாமில் எஞ்சின் அறை சூடான பிறகு கியர் அரைத்து, ஆறியதும் சரியாகிவிடும் காரிலும் இந்த உள் ரப்பரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தொட்டியில் ஊற்ற வேண்டியது பிரேக் திரவம். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருக்கும், அதையே ஊற்றுங்கள். எஞ்சின் எண்ணெயோ ஸ்டீயரிங் எண்ணெயோ ஒரு துளி போனாலும் ரப்பர்கள் ஊதிப்போகும், பிறகு முழு வழியையும் மாற்ற வேண்டியிருக்கும். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி. அத்தகைய காரில் அளவு இறங்குவதைக் கிளட்ச் தொல்லை என்று அலட்சியம் செய்யக் கூடாது. இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் இருக்கும் சிறிய நிப்பிளில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் திரவம் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் மிதியை மூன்று முறை மிதித்து, அடியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார், குமிழியோடு திரவம் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மிதியை விட வேண்டும். மூடுவதற்கு முன் விட்டால் வெளியேற்றிய காற்று திரும்ப உள்ளே போகும். வீட்டில் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். குமிழி நிற்கும்வரை தொடருங்கள், தொட்டி காலியாகாமல் இடையிடையே ஊற்றுங்கள். பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி பஞ்சானால் கசிவு இன்னும் இருக்கிறது, காற்றை எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய சிறிய கார்களில் திரவம் கிடையாது, கேபிள்தான். கேபிள் நீண்டுபோனாலோ இழைகள் அறுந்துகொண்டு வந்தாலோ மிதியின் மேல்பகுதி சும்மா தொங்கும், பிடிப்பு அடியில்தான் தொடங்கும். கேபிள் முனையின் நட்டைத் திருகித் தளர்ச்சியைக் குறைக்கலாம். முழுதாக இல்லாமலாக்கிவிடாதீர்கள். கொஞ்சம்கூட ஆட்டம் இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்தத்திலேயே சுற்றித் தேயும், கிளட்சும் வழுக்கும். எத்தனை மில்லிமீட்டர் ஆட்டம் வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், காரின் கையேட்டில் இருக்கும். இழை அறுந்த கேபிளைச் சரிசெய்து ஓட்டப் பார்க்காமல் புதிதாக மாட்டுங்கள். அது அறுவதற்கென்று தேர்ந்தெடுக்கும் இடம் பினாங்குப் பாலத்தின் நடுவாக இருக்கும்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு கிளட்சின் உள்ளே: கவரின் ஸ்பிரிங் விரல் உடைந்திருக்கலாம், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் போர்க் வளைந்திருக்கலாம், மாதக்கணக்கில் நின்ற காரில் தட்டு துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். புதிய கிளட்ச் மாட்டிய அன்றே கியர் விழவில்லை என்றால் தட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்க சங்கடமாக இருக்கும், ஆனால் நடக்கிற ஒன்று. எப்படியும் கியர் பாக்ஸை இறக்கித்தான் இதையெல்லாம் பார்க்க முடியும். இறக்கும் கூலியே பெரிது என்பதால் தட்டு, கவர், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, எஞ்சினின் பின் எண்ணெய் சீல் கசிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழவில்லையா? பாய், திரவம், கசிவு, காற்று, கேபிள், கடைசியாகக் கிளட்ச். இந்த வரிசையை மாற்றினால் செலவு தலைகீழாகும்.

லீவர் தொளதொளத்தால்

முன் சக்கர இழுவைக் கார்களில் கியர் லீவர் நேரடியாகக் கியர் பாக்ஸைத் தொடுவதில்லை. பெரும்பாலானவற்றில் இரண்டு கேபிள்கள் போகின்றன: ஒன்று இடமும் வலமும், மற்றது முன்னும் பின்னும். கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அது நொறுங்கிவிட்டால் கேபிள் கழன்று தொங்கும். லீவர் கஞ்சிக் கரண்டி மாதிரி எந்தப் பக்கமும் போகும், கியர் பாக்ஸுக்குச் செய்தியே போகாது. ஒருவர் லீவரை ஆட்ட, இன்னொருவர் பானட்டுக்குள் கியர் பாக்ஸ் மேல் கேபிள்கள் மாட்டியிருக்கும் இரும்புக் கைகள் அசைகின்றனவா என்று பார்த்தால் போதும். ஓர் இரும்புக் கை மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு அந்தக் கேபிளில்.

விழுகிறது, ஆனால் நகரவில்லை

முன்பு சொன்னதற்கு நேர் எதிர்: கிளட்ச் பிரிக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. தட்டின் உராய்வுப் பரப்பு தேய்ந்துபோனது. ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுத்து, முன்னால் ஆளோ காரோ இல்லாத இடத்தில் மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் எஞ்சினை அணைத்துவிடும். எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் தட்டும் கருகும். பினாங்கின் பாலிக் பூலாவ் மேட்டிலோ மாலை ஜாமிலோ பாதிக் கிளட்சில் காரைத் தாங்கி நிறுத்தும் பழக்கம்தான் தட்டைத் தின்கிறது. மேட்டில் நிற்க ஹேண்ட்பிரேக் இருக்கிறது.

கிளட்ச் நன்றாக இருந்தும் கார் நகரவில்லை, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறது என்றால் காருக்கு அடியில் பாருங்கள். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் உடைந்திருக்கலாம் அல்லது வெளியே வந்திருக்கலாம். கியர் பாக்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால்

மற்றவை சரியாக விழுந்து, உதாரணமாக இரண்டாம் கியர் மட்டும் அரைக்கிறதென்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கக்கூடும். உண்மையிலேயே கியர் பாக்ஸைத் திறக்க வேண்டிய சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. ஆனால் அதற்கு முன் கியர் எண்ணெய்.

"மின்யாக் ஹித்தாம் எல்லாம் மாற்றியாச்சு" என்பார்கள். மாற்றியது எஞ்சின் எண்ணெய். கியர் எண்ணெய் தனி, அதைப் பத்து ஆண்டு தொடாதவர்களும் உண்டு. சிறிய கார்களின் மேனுவல் கியர் பாக்ஸ் ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். பல மாடல்களில் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் நின்றால் சரியான அளவு. வடிக்கும் நட்டைக் கழற்றும் முன், நிரப்பும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் வடித்துவிட்டு, பிறகு மேல் நட்டு கழலவில்லை என்றால் கார் எண்ணெயில்லாமல் அங்கேயே நிற்கும். எந்த எண்ணெய் என்பதைக் கையேடு சொல்லும், 75டபிள்யூ-90 (தடிப்பு) ஜிஎல்-4 (தர வகை) போல. ஜிஎல்-5 எண் பெரிதாக இருப்பதால் உசத்தி என்று வாங்கி ஊற்றுகிறார்கள். அதில் கலந்திருக்கும் சில சேர்மானங்கள் பித்தளைச் சிங்க்ரோவுக்கு ஆகாது, கையேடு கேட்டால் தவிர வேண்டாம். வடித்த எண்ணெயில் மெல்லிய உலோகப் பொடி இருப்பது வழக்கம். கையில் எடுக்கும் அளவுக்குப் பித்தளைத் துண்டுகள் வந்தால் சிங்க்ரோ உடைந்திருக்கிறது.

ஆட்டோ கார்: பி-யை விட்டு அசையவில்லை

ஆட்டோ காரில் கிளட்ச் மிதி கிடையாது. லீவரில் பி என்றால் நிறுத்தம், என் என்றால் நியூட்ரல், டி என்றால் முன்னோக்கி ஓட்டம். எஞ்சின் சுற்றும்போது கியர் பாக்ஸின் உள்ளே ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும், அந்த அழுத்தம்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிக் கியரைப் பிடிக்கும். ஆனால் லீவர் பி-யிலேயே சிக்கிக்கொள்வதற்கும் இந்த எண்ணெய்க்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அது ஒரு பாதுகாப்புப் பூட்டு. பிரேக்கை மிதித்தால்தான் லீவரைப் பி-யிலிருந்து எடுக்க முடியும்; பிரேக் மிதித்ததைக் காருக்குச் சொல்வது பிரேக் விளக்கின் சுவிட்ச்.

ஆகவே முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள். தனியாக இருந்தால் பின்னாலிருக்கும் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கலாம். எல்லா விளக்கும் எரியவில்லையா? ஃபியூஸ் அல்லது பிரேக் மிதிக்கு மேலுள்ள சிறிய சுவிட்ச். விளக்கு எரிகிறது, ஆனால் பிரேக் மிதிக்கும்போது லீவர் அடியில் "டக்" என்ற ஓசை இல்லையா? பூட்டை விடுவிக்கும் சோலனாய்டு, அதாவது மின்சாரத்தால் இழுக்கும் சிறிய காந்த ஊசி, வேலை செய்யவில்லை. அதற்கு மின்சாரம் போகாமலிருக்கலாம். லீவர் பக்கத்தில் கொட்டிய தே தாரிக் உள்ளே இறங்கி ஒட்டியிருக்கவும் கூடும், இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பட்டனால் இயங்கும் எலக்ட்ரானிக் லீவர் உள்ள புதிய கார்களில் பேட்டரி தளர்ந்தாலும் இதே நிலைதான். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியை ஏற்றிப் பாருங்கள்.

வழியில் சிக்கிக்கொண்டால் லீவர் அருகே சிறிய மூடியோ துளையோ தேடுங்கள், ஷிஃப்ட் லாக் என்று எழுதியிருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலைப் பிரேக்கில் வைத்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, அந்தத் துளையில் சாவி முனையையோ தட்டை ஸ்க்ரூ டிரைவரையோ அழுத்தியபடி லீவரை என்-னுக்கு இழுங்கள். எஞ்சினை என்-னிலேயே ஸ்டார்ட் செய்யலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் டபுள் பார்க்கிங் போட்டு, பின்னால் இருப்பவர் தள்ளிக்கொள்ளட்டும் என்று என்-னில் விட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் துளை நன்றாகத் தெரியும். பிரேக் விளக்கு எரியாததால்தான் இந்தத் துளை தேவைப்பட்டது என்றால், பட்டறைவரை பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது என்பதை மறக்க வேண்டாம்.

சரிவில் நிறுத்திய கார் பி-யில் இறுகிக்கொள்வது வேறு கதை. பி-யில் போட்டால் ஒரு சிறிய உலோகக் கொக்கி பல் சக்கரத்தில் விழுந்து காரைப் பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் இழுக்காமல் விட்டால் காரின் முழு எடையும் அந்தக் கொக்கியில் தொங்கும். நிறுத்தும்போது கால் பிரேக், என், ஹேண்ட்பிரேக், காலை எடுத்துக் கார் ஹேண்ட்பிரேக்கில் நிற்கவிடுவது, மறுபடி கால் பிரேக், பிறகு பி. கொண்டோவின் கார் நிறுத்தச் சரிவில் தினமும் இதைச் செய்தால் கொக்கியும் பிழைக்கும், லீவரும் இழுத்தால் வரும்.

லீவர் டி-யில், கார் அசையவில்லை

இங்கே முதல் கேள்வி: டேஷ்போர்டில் என்ன எழுத்து எரிகிறது? லீவர் அருகே தெரியும் எழுத்து உங்கள் கை எங்கே என்பதைச் சொல்கிறது. டேஷ்போர்டில் எரியும் எழுத்து, பல கார்களில், கியர் பாக்ஸின் மேல் இருக்கும் சுவிட்சிலிருந்து வருகிறது. கை டி-யில், டேஷ்போர்டு என்-னில் என்றால் நடுவிலிருக்கும் கேபிளோ அதன் புஷ்ஷோ கழன்றுவிட்டது. இந்தக் கோளாறு மறுபக்கமும் வேலை செய்யும்: லீவரைப் பி-யில் வைத்திருப்பீர்கள், கியர் பாக்ஸ் என்-னில் இருக்கும், சரிவில் கார் உருளும். சரிசெய்யும்வரை ஹேண்ட்பிரேக் இல்லாமல் இறங்கக் கூடாது.

இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் அடுத்தது எண்ணெய். ஆட்டோ கியர் பாக்ஸின் எண்ணெய்க்கு ஏடிஎஃப் என்று பெயர். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் எழாது. டி போட்டு ஓரிரு நொடி கழித்து "தடால்" என்று இழுப்பது இதன் ஆரம்ப அடையாளம். அளவுகோல் உள்ள கார்களில் பொதுவாக எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது, பி-யில் வைத்துப் பார்ப்பார்கள். ஹோண்டா போன்ற சில கார்களில் எஞ்சினை அணைத்த சற்று நேரத்தில் பார்க்க வேண்டும். கோலைத் துடைத்து, மறுபடி முக்கி எடுத்து, வெள்ளைத் திசுத்தாளில் ஒரு துளி விடுங்கள். பெரும்பாலான ஏடிஎஃப் தெளிந்த சிவப்பில் இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, எஞ்சினை உடனே அணையுங்கள்.

சிவிடி என்பது படிப்படியான கியர் இல்லாமல் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உலோகப் பட்டையை ஓடவிடும் கியர் பாக்ஸ். அதற்கான எண்ணெய் வேறு, சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பட்டை வழுக்கும். பெயரை மட்டும் வைத்து எண்ணெய் வாங்க முடியாது. 2016-இல் வந்த புரோட்டோன் சாகா ஆட்டோவில் சிவிடி, 2019-இல் மெருகேற்றிய சாகாவில் நான்கு வேக சாதாரண ஆட்டோ. பெரோடுவா மைவி 2021 இறுதியில் நான்கு வேக ஆட்டோவை விட்டு டி-சிவிடி என்ற சிவிடி வகைக்கு மாறியது. ஆண்டைச் சொல்லாமல் "சாகாவுக்கு கியர் எண்ணெய்" என்று கேட்டால் கடைக்காரர் ஊகித்துத்தான் கொடுப்பார்.

எண்ணெயும் சரி, கேபிளும் சரி, கார் மூன்றாம் கியரிலேயே கிடந்து முக்குகிறதென்றால் அதுவும் ஒரு பாதுகாப்பு நிலை. உணரியோ சோலனாய்டோ கோளாறானதைக் கணினி கண்டதும், மேலும் கெடாமல் இருக்கக் காரை ஒரே கியரில் கட்டிவைக்கும். ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். பி0700 என்று மட்டும் வந்தால் அது கியர் பாக்ஸில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்னும் பொதுவான அறிவிப்புத்தான், காரணம் சொல்லாது. கூடவே வரும் எண்ணே முக்கியம். பி0705 என்றால் லீவர் நிலையைச் சொல்லும் சுவிட்ச், பி0715 என்றால் உள்ளே சுற்றும் வேகத்தை அளக்கும் உணரி. இரண்டும் பல மாடல்களில் கியர் பாக்ஸைப் பிரிக்காமலே மாற்றக்கூடியவை. பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் ஸ்டார்ட் ஆகும் காரில், ஸ்கேனர் செருகும் முன்பே அந்தச் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோவுக்கான சுருக்கம்: பி-யில் சிக்கினால் பிரேக் விளக்கு, எழுத்து மாறினால் கேபிள், தாமதமாகப் பிடித்தால் எண்ணெய், ஒரே கியரில் கிடந்தால் ஸ்கேனர்.

வெள்ளத்தில் நின்ற கார்

2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மூழ்கிய கார்களில் எஞ்சினை மட்டும் கழுவி ஓட்டியவர்கள் உண்டு. கியர் பாக்ஸுக்கு மேலே காற்று போய்வர ஒரு சிறிய துளை இருக்கிறது. தண்ணீர் அந்த உயரம் ஏறினால் உள்ளே இறங்கும். ஆட்டோவின் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பரப்பு தண்ணீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். அதனால் வெள்ளம் பட்ட காரை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஒரு முறை வடித்தால் பாதிதான் வெளியே வரும், மீதி உள்ளறைகளில் தங்கும். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

பட்டறைக்கு ஃபோன் செய்யும்போது

"கியர் விழல அண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல், ஆண்டு, மேனுவலா ஆட்டோவா, எஞ்சினை நிறுத்தினால் விழுகிறதா, எல்லாக் கியருமா ஒன்றா, சூட்டிலா எப்போதுமா, டேஷ்போர்டில் என்ன எழுத்து, தரையில் எண்ணெய்க் கறை உண்டா. இத்தனையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அனுபவமுள்ள போர்மன் அதை வைத்தே எந்தப் பாகத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்.

இழுத்துக்கொண்டு போக லாரி கூப்பிட்டால் ஆட்டோ கார் என்பதையும் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர் பாக்ஸின் பம்ப் ஓடாது. முன் சக்கர இழுவை ஆட்டோவின் முன் சக்கரங்கள் தரையில் உருண்டுகொண்டே போனால் உள்ளே எண்ணெய் எட்டாமல் உராய்ந்து, இல்லாத கோளாறும் வந்து சேரும். முன் சக்கரங்களைத் தூக்க வேண்டும் அல்லது முழுக் காரையும் லாரி மேல் ஏற்ற வேண்டும். நான்கு சக்கர இழுவை என்றால் இரண்டாவதுதான் சரி. கார் கொண்டோவின் கீழ்த்தளத்தில் பி-யில் சிக்கி நின்றால் நுழைவாயிலில் எழுதியிருக்கும் கூரை உயரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரிய லாரி உள்ளே வராது. சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைத் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னால்தான் முன் சக்கரங்களைத் தரையில் உரசாமல் வெளியே எடுக்க முடியும்.